இரண்டு வகைக் கட்சிக்காரர்கள்: லிங்கன் காலத்துச் சிற்றூர் வக்கீலும் உள்ளூர் அரசியலும்

தமிழில் 'கட்சிக்காரர்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்துகிறோம். வக்கீலிடம் வழக்கை ஒப்படைத்தவர் அவருடைய கட்சிக்காரர். ஓர் அரசியல் கட்சியைச் சேர்ந்தவரும் கட்சிக்காரர். 'கட்சி' என்றால் பக்கம் என்பதால் இரண்டுக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் சிற்றூர்களில் இந்த இரண்டு கட்சிக்காரர்களும் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருந்தார்கள். காலையில் கடன் வழக்குக்காக வக்கீலைத் தேடி வந்த விவசாயி, மாலையில் அதே வக்கீல் நீதிமன்றத் திடலில் பேசும் அரசியல் உரையைக் கேட்க நின்றார். சில மாதங்கள் கழித்து, தேர்தலில் அவருக்கு வாக்களித்தார் அல்லது எதிராக வாக்களித்தார். வக்கீல் தொழிலும் அரசியலும் அங்கே ஏன் அவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தன என்பதை, நன்கு பதிவாகியிருக்கும் ஒரு வாழ்க்கையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த வாழ்க்கை இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஏறத்தாழ 24 ஆண்டுகள் வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கனுடையது.

லிங்கன் என்றதும் நம் நினைவுக்கு வருவது அடிமைமுறையை ஒழித்த குடியரசுத் தலைவர். ஆனால் 1861-இல் அந்தப் பதவியை ஏற்பதற்கு முன், மாநிலச் சட்டமன்றத்தில் எட்டு ஆண்டுகள், வாஷிங்டனில் மக்கள் பிரதிநிதிகள் அவையில் இரண்டே ஆண்டுகள் என்பதுதான் அவருடைய பதவி அனுபவம். எஞ்சிய காலமெல்லாம் அவர் தொழில் செய்யும் வக்கீல். அவர் பங்கெடுத்தவையாக 5,100-க்கும் மேற்பட்ட வழக்குகளை ஆய்வாளர்கள் நீதிமன்ற ஆவணங்களிலிருந்து திரட்டியிருக்கிறார்கள். ஆகவே அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வெள்ளை மாளிகையைவிட இல்லினாய் கிராமத்து நீதிமன்றங்களில்தான் நாம் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அக்காலத்தில் ஒருவர் வக்கீலாவது எப்படி என்பதை முதலில் பார்ப்போம். சட்டக் கல்லூரிப் படிப்பு கட்டாயமில்லை. இல்லினாய் போன்ற புதிய மாநிலங்களில் அது கிடைப்பதும் அரிது. மூத்த வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் உதவியாளராக அமர்ந்து ஆவணங்களைப் படியெடுத்துக்கொண்டே கற்பது வழக்கமான பாதை. அதுகூட லிங்கனுக்கு முழுமையாக வாய்க்கவில்லை. வாழ்நாள் முழுவதும் சேர்த்து ஓராண்டுக்கும் குறைவாகவே பள்ளி சென்ற அவர், நியூ சேலம் என்ற சிறு குடியிருப்பில் கடை வைத்தும், அஞ்சலகம் நடத்தியும், நில அளவை செய்தும் பிழைத்துக்கொண்டிருந்தார். 1832-இல் பிளாக் ஹாக் போர் எனப்படும் எல்லைப்புறச் சண்டைக்குத் தொண்டர் படையில் போனபோது, ஸ்பிரிங்ஃபீல்டு வக்கீலான ஜான் டாட் ஸ்டூவர்ட்டின் பழக்கம் ஏற்பட்டது. ஸ்டூவர்ட்டிடம் சட்ட நூல்களை இரவல் வாங்கி, தானாகவே படித்தார். நன்னடத்தை உள்ளவர் என்று உள்ளூர் நீதிமன்றம் 1836 மார்ச்சில் சான்றளித்தது. செப்டம்பரில் உரிமம் கிடைத்தது. 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்து ஸ்டூவர்ட்டின் கூட்டாளியானார்.

இதில் ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். அவர் வக்கீலாவதற்கு முன்பே அரசியல்வாதி. 1832-இல் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனால் தன் ஊரான நியூ சேலம் வாக்குச்சாவடியில் 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்திருந்தன. 1834-இல் வென்றார், பிறகு 1836, 1838, 1840 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். சட்டம் படிக்கும்படி அவரை ஊக்குவித்த ஸ்டூவர்ட்டும், லிங்கனைப் போலவே, ஜனநாயகக் கட்சியை எதிர்த்த விக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்தான். அரசியல் தோழமையே தொழில் கூட்டாண்மையாக மாறியது. 1838-இல் ஸ்டூவர்ட் வாஷிங்டன் அவைக்குப் போட்டியிட்டபோது, அலுவலகப் பொறுப்பு முழுவதும் இளைய கூட்டாளியின் தோளில் விழுந்தது. அந்தத் தேர்தலில் ஸ்டூவர்ட் வெறும் 36 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர் இன்னோர் இளம் வக்கீல், ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸ். பின்னாளில் லிங்கனின் பெரும் போட்டியாளராகப் போகிறவரும் இவர்தான்.

இனி இக்கட்டுரையின் மையமான கருத்துக்கு வருவோம். அதன் பெயர் 'சர்க்கியூட்', அதாவது சுற்று. அமெரிக்க மாநிலங்கள் கவுண்டி எனப்படும் சிறு நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நம் தாலுகாவைவிடப் பெரியதாக ஒரு கவுண்டியை எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தலைமை ஊர் உண்டு; அங்கே ஒரு நீதிமன்றக் கட்டடமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டடத்திலும் ஆண்டு முழுவதும் அமர்ந்திருக்க ஒரு நீதிபதியை நியமிக்கும் அளவுக்கு மக்கள்தொகையும் இல்லை, வழக்குகளும் இல்லை, அரசிடம் பணமும் இல்லை. ஆகவே பல கவுண்டிகளை ஒரு சுற்றாகச் சேர்த்து அதற்கு ஒரே நீதிபதியை வைத்தார்கள். அவர் வசந்த காலத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் ஊரிலும் சில நாட்கள் தங்கி, சேர்ந்திருந்த வழக்குகளை விசாரித்து முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார். நீதிபதி கிளம்பினால் நீதிமன்றமே கிளம்பிவிட்டது என்று பொருள். வழக்கு தள்ளிவைக்கப்பட்டால் அடுத்த வாய்தா ஆறு மாதம் கழித்துத்தான்.

லிங்கன் பயணம் செய்த எட்டாவது சுற்று ஒரு கட்டத்தில் 14 கவுண்டிகளைக் கொண்டிருந்தது. முழுச் சுற்றையும் முடிக்க 400 மைலுக்கு மேல் பயணம். ஒவ்வொரு பருவத்திலும் ஏறத்தாழ பத்து, பதினோரு வாரங்கள் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். 1848 முதல் 1862 வரை இந்தச் சுற்றின் நீதிபதி டேவிட் டேவிஸ். ஏறக்குறைய 300 பவுண்டு எடை கொண்ட அந்த மனிதர் குதிரை வண்டியில் முன்னே போக, வக்கீல்கள் குதிரையிலும் வண்டியிலும் பின்தொடர்ந்தார்கள். பாலமில்லாத ஆறுகளையும் மழைக்காலச் சேற்றையும் தாண்டி ஊர் சேர்ந்தால், விடுதியில் ஒரு கட்டிலுக்கு இருவர் படுக்க வேண்டும்; நீதிபதியும், எதிரெதிர் வக்கீல்களும், சாட்சிகளும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். பெரும்பாலான வக்கீல்கள் தங்கள் ஊருக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று கவுண்டிகளோடு நின்றுகொண்டார்கள். சுற்று முழுவதையும் நீதிபதியோடு கூடவே கடந்த மிகச் சிலரில் லிங்கன் ஒருவர். டேவிஸுக்கு வேறு வேலை வந்தபோது, சில நாட்கள் லிங்கனையே தன் இடத்தில் அமர்ந்து வழக்கை நடத்தச் சொன்னதற்கும் பதிவு இருக்கிறது.

நீதிபதி ஊருக்கு வரும் அந்த வாரம் வெறும் வழக்கு வாரம் அல்ல. மைல் கணக்கில் தள்ளித் தள்ளிக் குடியிருந்த விவசாயக் குடும்பங்களுக்கு அதுவே சந்தை, அதுவே திருவிழா. வழக்கு இல்லாதவர்களும் வந்தார்கள். குதிரை விற்றார்கள், பழைய கணக்கைத் தீர்த்தார்கள், வக்கீல்கள் வாதாடுவதை நாடகம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். யார் திறமையாகப் பேசுகிறார், யார் நேர்மையாக நடந்துகொள்கிறார், யார் சாட்சியை அநியாயமாக மிரட்டுகிறார் என்பதையெல்லாம் ஊரே கண்ணால் பார்த்துத் தீர்மானித்தது. தீர்ப்பு சொன்ன 12 பேர் கொண்ட ஜூரியும் அதே ஊர்க்காரர்கள்தான். மாலையில் நீதிமன்றம் கலைந்த பிறகு, அதே கட்டடத்திலோ அதன் முற்றத்திலோ அரசியல் கூட்டம் நடக்கும். காலையில் 12 பேரைச் சம்மதிக்க வைக்கத் தெரிந்த நாவுக்கு, மாலையில் 200 பேரைச் சம்மதிக்க வைப்பது புதிய வித்தை அல்ல. தொழிலையும் அரசியலையும் பிணைத்த முதல் கயிறு இதுதான்.

சரி, என்ன மாதிரி வழக்குகள்? கொலையும் கொள்ளையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். லிங்கனின் வழக்குகளில் பாதிக்கு மேல் கடன் வழக்குகள். இதற்குக் காரணம் அந்தச் சமூகத்தின் பொருளாதாரத்திலேயே இருந்தது. கையில் ரொக்கம் மிகக் குறைவு. வங்கிகளை நம்ப முடியாது. இல்லினாய் மாநில வங்கியே 1842-இல் திவாலானது. ஆகவே நிலம், குதிரை, உழவுக் கருவி என எதை வாங்கினாலும் புரோநோட்டு எழுதிக் கொடுப்பதே வழக்கம். அந்தப் புரோநோட்டை வாங்கியவர் தன் கடனுக்கு ஈடாக அதன் பின்புறம் கையெழுத்திட்டு மூன்றாமவரிடம் கொடுப்பார். அது பணம்போலவே கைமாறிக்கொண்டிருக்கும். 1837-இல் நாடு முழுவதும் வீசிய நிதி நெருக்கடியைப் போன்ற ஒரு புயல் அடித்தால், எழுதியவர், கைமாற்றியவர், பிணை நின்றவர் எல்லோரும் நீதிமன்றத்துக்கு வந்துவிடுவார்கள். லிங்கன் கடன் கொடுத்தவர்களுக்காகவும் வாதாடினார், கடன்பட்டவர்களுக்காகவும் வாதாடினார். கடன்பட்டவனின் நிலை அவருக்கு ஏட்டறிவு அல்ல. நியூ சேலம் கடை நொடித்தபோது அவருடைய குதிரையும் நில அளவைக் கருவிகளும் கடனுக்காக ஏலம் போயின. நண்பர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். மீதிக் கடனை அவர் பல ஆண்டுகள் அடைத்தார்.

கடனுக்கு அடுத்து நிலத் தகராறு, சொத்துப் பிரிவினை, விவாகரத்து, வேலி தாண்டிய கால்நடை, ஏமாற்றி விற்ற குதிரை என்று பட்டியல் நீளும். அவதூறு வழக்குகளும் நிறைய. நற்பெயரே ஒருவரின் கடன் தகுதியாக இருந்த ஊரில், 'திருடன்' என்றோ 'பொய்ச்சாட்சி சொன்னவன்' என்றோ ஒருவரைப் பலர் முன் சொல்வது அவருடைய பிழைப்பையே கெடுக்கும் செயல். இத்தகைய வழக்குகளில் பணத்தைவிட, சொன்னதைத் திரும்பப் பெறவைப்பதே முக்கியம் என்பதால், சிற்றூர் வக்கீலின் வேலையில் சமரசம் பேசுவது பெரும்பகுதி. வழக்காடுவதைத் தவிர்க்கச் செய்யுங்கள், அண்டை வீட்டாரை இணங்கிப் போகச் சொல்லுங்கள், வென்றவரும் செலவிலும் காலத்திலும் தோற்றவராகவே முடிவார் என்ற கருத்தை லிங்கன் இளம் வக்கீல்களுக்காக எழுதிய குறிப்பில் வலியுறுத்தினார். அது வெறும் அறவுரை அல்ல. இரு தரப்பினரும் நாளை அவருக்கு அருகில் வசிக்கப் போகிறவர்கள்; இருவருமே வாக்காளர்கள்.

வருமானம் பெரிதல்ல. ஒரு வழக்குக்கு 5, 10, 20 டாலர் என்பதே வழக்கமான கட்டணம். ஆகவே எண்ணிக்கையால்தான் பிழைக்க முடியும். 1844 முதல் அவருடைய கூட்டாளியாக இருந்த வில்லியம் ஹெர்ண்டன் வயதிலும் அனுபவத்திலும் இளையவர். ஆயினும் இருவரும் கட்டணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஒழுங்கு என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முக்கியமான கடிதங்களை லிங்கன் தன் உயரமான தொப்பிக்குள் செருகி வைத்துக்கொள்வார். இந்த விவரத்தை நான் எப்போதும் ரசிப்பதுண்டு; அலுவலகத்தையே தலையில் சுமந்து ஊர் ஊராகப் போன மனிதருக்கு அது பொருத்தமான பெட்டகம்தான்.

தொழிலும் ஊர் உறவும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை 1858-இல் நடந்த ஒரு கொலை வழக்கு நன்றாகக் காட்டுகிறது. டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இளைஞன் ஓர் இரவுச் சண்டையில் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டான். அவனுடைய தந்தை ஜாக், நியூ சேலம் காலத்தில் லிங்கனோடு மல்யுத்தம் செய்து பின் உற்ற நண்பரானவர்; அவருடைய கூட்டத்து இளைஞர்கள்தான் 1832-இல் தொண்டர் படைக்குத் தலைவராக லிங்கனைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய் ஹன்னா, அந்த வறிய நாட்களில் அவருக்குச் சோறு போட்டவர். ஜாக் இறந்துவிட்ட நிலையில், லிங்கன் கட்டணம் வாங்காமல் வழக்கை ஏற்றார். தூரத்திலிருந்தே நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் முக்கிய சாட்சி. நிலா உச்சியில் இருந்ததா என்று அவரை மீண்டும் மீண்டும் உறுதியாகச் சொல்லவைத்துவிட்டு, லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். சாட்சி சொன்ன அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நோக்கித் தாழ்ந்து மறையும் தறுவாயில் இருந்தது. 1858 மே 7 அன்று பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றத்தில் ஜூரி அவனை விடுதலை செய்தது. குறுக்கு விசாரணைத் திறமைக்கு எடுத்துக்காட்டாகவே இந்த வழக்கைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 25 ஆண்டுகளுக்கு முந்தைய நட்பும் உணவும் வாக்கும் ஒரு வழக்கின் வடிவில் திரும்பி வந்த விதம்.

இனி உள்ளூர் அரசியலின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். கொள்கை முழக்கங்களுக்கு அடியில், சாலை எங்கே போடுவது, கால்வாய் எங்கே வெட்டுவது, வங்கிக்கு உரிமம் தருவதா வேண்டாமா, எந்தக் கவுண்டியைப் பிரிப்பது, எந்த ஊரைத் தலைமை ஊராக்குவது என்பவையே அன்றாடச் சண்டைகள். தலைமை ஊர் என்ற தகுதி கிடைத்தால் நீதிமன்றம் வரும், நீதிமன்றம் வந்தால் விடுதிகளும் கடைகளும் வக்கீல்களும் வருவார்கள், நிலத்தின் விலை ஏறும். 1839-இல் உருவான லோகன் கவுண்டியில் முதலில் போஸ்ட்வில், 1848-இல் மவுண்ட் புலாஸ்கி, பின்னர் ரயில் பாதையோரம் 1853-இல் நிறுவப்பட்ட புதிய ஊர் என, இருபது ஆண்டுகளுக்குள் தலைமையிடம் மூன்று இடங்களுக்கு மாறியது. அந்தப் புதிய ஊருக்கான சட்ட வேலைகளைச் செய்து கொடுத்தவர் லிங்கன். நிறுவியவர்கள் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அவர் நாடறிந்த தலைவராவதற்கு முன்பே அவர் பெயரில் ஓர் ஊர் இருந்ததென்றால், அது வக்கீல் தொழில் தந்த பெருமை.

இதே போட்டி மாநில அளவிலும் நடந்தது. இல்லினாயின் தலைநகர் அப்போது வண்டாலியா. சாங்கமன் கவுண்டியிலிருந்து சென்ற ஒன்பது சட்டமன்ற உறுப்பினர்கள், எல்லோரும் நெட்டையானவர்கள் என்பதால் 'நெடிய ஒன்பது பேர்' என்று அழைக்கப்பட்டவர்கள், 1837 பிப்ரவரியில் தலைநகரைத் தங்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் லிங்கன். அதே கூட்டத்தொடரில், ரயில் பாதைகளுக்கும் ஆற்றுப் போக்குவரத்துக்குமாக ஏறத்தாழ ஒரு கோடி டாலர் மதிப்புள்ள பெருந்திட்டமும் நிறைவேறியது. அதையும் அவர் முழுமூச்சாக ஆதரித்தார். சில மாதங்களில் நிதி நெருக்கடி வந்தது, திட்டம் பாதியில் நின்றது, மாநிலம் பல்லாண்டு காலக் கடனில் மூழ்கியது. லிங்கனைப் போற்றுபவர்கள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தன் ஊருக்கு நன்மை தேடும் ஆர்வம் ஒரு மாநிலத்தையே எப்படிச் சுமையில் தள்ளும் என்பதை அவர் அனுபவத்தில் கற்ற இடம் அதுதான்.

வாக்களிப்பு முறையும் இன்றையதைப் போல இல்லை. 1848-இல் புதிய மாநில அரசியல் சாசனம் வரும்வரை இல்லினாயில் வாக்குச்சீட்டு முறை கிடையாது. வாக்காளர் அதிகாரிகளின் முன் வந்து, தான் விரும்பும் வேட்பாளரின் பெயரை வாயால் உரக்கச் சொல்வார். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கடன் கொடுத்தவர், நில உரிமையாளர், வக்கீல் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். நம்முடைய வழக்கை நடத்தும் வக்கீல் போட்டியிடும்போது அவருக்கு எதிராக அவர் காதுபட வாக்களிக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த 1848-ஆம் ஆண்டு சாசனம் நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆக, வாதாடியவரும் வேட்பாளர், தீர்ப்பளித்தவரும் வேட்பாளர், ஜூரியில் அமர்ந்தவர் வாக்காளர்.

கட்சிகளைத் தாங்கிய இன்னொரு தூண் செய்தித்தாள். ஸ்பிரிங்ஃபீல்டில் விக் கட்சிக்கு 'சாங்கமோ ஜர்னல்', ஜனநாயகக் கட்சிக்கு 'இல்லினாய் ஸ்டேட் ரெஜிஸ்டர்' என்று தனித்தனி ஏடுகள். நடுநிலை என்ற பேச்சே இல்லை. லிங்கன் தன் கட்சி ஏட்டில் பெயரிடாமல் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார். 1859-இல், ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகளின் ஆதரவைப் பெற, ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு ஜெர்மன் செய்தித்தாளுக்கே பணம் போட்டு உரிமையாளரானார். வேட்பாளர் தேர்வும் வக்கீல்களின் வட்டத்துக்குள்ளேயே நடந்தது. அப்பகுதியின் வாஷிங்டன் தொகுதியை விக் கட்சியின் மூன்று இளம் வக்கீல்கள் மாறி மாறி வகிப்பது என்ற புரிதல் 1843-இல் பீக்கின் நகரில் கூடிய கட்சி மாநாட்டிலிருந்து உருவானது. அதன்படி ஜான் ஹார்டின், எட்வர்ட் பேக்கர், பிறகு 1846-இல் லிங்கன். தன் முறை முடிந்ததும் அவர் விலகிக்கொள்ள, 1848-இல் நின்ற அவருடைய முன்னாள் கூட்டாளி ஸ்டீவன் லோகன் தோற்றுப்போனார். கட்சிக்கு உழைத்ததற்காக நிலத் துறைத் தலைமைப் பதவியை எதிர்பார்த்த லிங்கனுக்கு 1849-இல் அதுவும் கிடைக்கவில்லை. அரசியல் கைவிட்டபோது, சிற்றூர் வக்கீலுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது: சுற்று. நிலமே மூலதனமான விவசாயிக்கும், கடையைப் பூட்ட முடியாத வணிகருக்கும் இல்லாத வசதி இது. குளிர்காலத்தில் சட்டமன்றம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நீதிமன்றம், இடையில் தேர்தல் என்று வக்கீலின் ஆண்டு அரசியலின் ஆண்டோடு இசைந்து போனது.

இந்த நெருக்கமான உலகத்தை அழகுபடுத்திச் சொல்லி நிறுத்திவிட முடியாது. அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பலர். பெண்களுக்கு வாக்கும் இல்லை, ஜூரியில் இடமும் இல்லை; மைரா பிராட்வெல் என்ற பெண்ணுக்கு வக்கீல் உரிமம் தர இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1869-இல் மறுத்தது, 1873-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றது. கறுப்பின மக்கள் வாக்களிக்க முடியாது என்பதோடு, வெள்ளையர் ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் 1865 வரை இல்லினாய்ச் சட்டம் அனுமதிக்கவில்லை. அவர்களைக் கட்சிக்காரராக ஏற்பதால் வக்கீலுக்கு வாக்கு எதுவும் கூடாது.

இந்தச் சூழலில் லிங்கன் நடத்திய இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, 1841-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு. நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விலைக்கு வாங்கியதற்காக எழுதப்பட்ட புரோநோட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்பதே கேள்வி; வடிவத்தில் அது இன்னொரு கடன் வழக்குதான். இல்லினாயில் எந்த மனிதரும் சுதந்திரமானவர் என்றே சட்டம் கொள்ளும், சுதந்திரமானவரை விற்பது செல்லாது, ஆகவே புரோநோட்டும் செல்லாது என்ற தீர்ப்பை லிங்கன் பெற்றார். இரண்டாவது, 1847-இல் சார்லஸ்டன் நகரில் நடந்தது. கென்டக்கி அடிமை உடைமையாளர் ராபர்ட் மாட்சன், இல்லினாயில் தன் பண்ணைக்கு அழைத்துவந்த ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவளுடைய குழந்தைகளையும் திரும்பக் கொண்டுபோக உரிமை கேட்டபோது, லிங்கன் வாதாடியது உடைமையாளருக்காக. அவர் தோற்றார், தாயும் குழந்தைகளும் விடுதலையானார்கள். வக்கீல் எந்தக் கட்சிக்காரருக்கும் வாதாடலாம் என்ற தொழில் மரபைச் சொல்லி இதற்குச் சமாதானம் கூறுபவர்கள் உண்டு. அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் மறுத்திருக்கலாம்; மறுக்கவில்லை. அவரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

1850-களில் ரயில் பாதைகள் இந்த உலகத்தை மாற்றத் தொடங்கின. சுற்றுப் பயணம் எளிதாயிற்று. சுற்றின் பரப்பும் படிப்படியாகச் சுருங்கியது. நிறுவனங்கள் பெரும் கட்சிக்காரர்களாக வந்தன. ஒரு கவுண்டி தங்கள் சொத்துக்கு வரி விதிக்க முடியுமா என்ற வழக்கில் இல்லினாய் சென்ட்ரல் ரயில் நிறுவனத்துக்கு லிங்கன் வெற்றி தேடித் தந்தார். அவர் கேட்ட கட்டணத்தை நிறுவனம் தர மறுத்ததும், 1857-இல் அந்த நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்து 5,000 டாலர் பெற்றார். பத்து டாலர் வழக்குகளில் வாழ்ந்தவருக்கு அது பெருந்தொகை. பிறகும் அவர் அந்த நிறுவனத்துக்காக வாதாடினார் என்பது, இத்தகைய சண்டைகளை அக்காலத்தார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் காட்டுகிறது.

1854-இல் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம், புதிய பகுதிகளில் அடிமைமுறை பரவ வழி திறந்தது. ஐந்தாண்டுகளாகத் தொழிலில் மூழ்கியிருந்த லிங்கன் மீண்டும் மேடை ஏறினார். அப்போதுதான் சுற்றின் அரசியல் மதிப்பு முழுமையாக வெளிப்பட்டது. செனட் உறுப்பினரை அன்று மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது என்பதால், எந்த ஊரில் எந்தச் சட்டமன்ற உறுப்பினர் யார் பேச்சைக் கேட்பார் என்ற அறிவே பெருஞ்செல்வம். அந்த அறிவு பல ஆண்டுகள் விடுதிக் கட்டில்களில் உறங்கிய வக்கீல்களிடம் இருந்தது. 1855-இல் செனட் இடத்துக்குப் போட்டியிட்ட லிங்கன், முதல் வாக்கெடுப்பில் முன்னிலை பெற்றும், அடிமைமுறை எதிர்ப்பாளர் ஒருவர் வெல்வதே முக்கியம் என்று தன் ஆதரவாளர்களை லைமன் டிரம்புல் பக்கம் திருப்பிவிட்டார். 1858-இல் டக்ளஸோடு ஏழு ஊர்களில் நடத்திய விவாதங்களுக்குப் பிறகும் செனட் இடம் கிட்டவில்லை. நாடறிந்த பெயர் கிட்டியது. 1860 மே மாதம், விக் கட்சி சிதைந்தபின் லிங்கன் சேர்ந்திருந்த குடியரசுக் கட்சியின் மாநாடு, குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவில் கூடியபோது, விடுதி ஒன்றில் அறை எடுத்து, மாநில வாரியாகப் பிரதிநிதிகளைச் சந்தித்து, லிங்கனுக்காக ஆதரவு திரட்டிய குழுவின் தலைவர் வேறு யாருமல்லர், சுற்று நீதிபதி டேவிட் டேவிஸ். உடன் இருந்தவர்கள் முன்னாள் கூட்டாளி லோகன், சுற்றில் கூடப் பயணம் செய்த லெனர்ட் ஸ்வெட், டான்வில்லில் அவரோடு சேர்ந்து வழக்கு நடத்திய வார்டு லமான், புளூமிங்டனின் ஜெஸ்ஸி ஃபெல். மூன்றாவது வாக்கெடுப்பில் லிங்கன் வேட்பாளரானார். எட்டாவது சுற்றின் வக்கீல் கூட்டம் அவ்வளவு பெரிய வழக்கை அதற்கு முன் நடத்தியதில்லை.

டேவிஸை லிங்கன் 1862-இல் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். நண்பருக்குப் பதவி கொடுத்தார் என்று அதைச் சொல்லலாம். அக்கால அரசியலின் வழக்கப்படி அது உண்மையும்கூட. ஆனால் 1866-இல், லிங்கன் கொலையுண்ட மறு ஆண்டில், உள்நாட்டுப் போரின்போது இண்டியானாவில் ஒரு குடிமகனை இராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அப்படி விசாரிக்க வழி திறந்தது லிங்கனின் அரசு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டேவிஸ். உள்ளூர் நீதிமன்றங்கள் திறந்திருந்து தம் பணியைச் செய்துகொண்டிருக்கும் இடத்தில், போர்க்காலமே ஆனாலும், குடிமகனை ஜூரியின் முன்னிலையிலிருந்து பறித்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த அரசுக்கு உரிமை இல்லை என்று அவர் எழுதினார். 14 கவுண்டிகளின் நீதிமன்றக் கதவுகளை ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து வைப்பதற்காகச் சேற்றில் வண்டியோட்டிப் போனவர் அவர்.